பொலிஸ் நிலையத்துக்கு வரச்சொன்னால்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டத்தரணி அலுவலகத்தில் எழுதுவினைஞராக வேலை செய்பவர், சட்டத்தரணி நீதிமன்றத்தில் நிற்கும் காலை வேளைகளில் முன்விறாந்தையில் காத்திருப்பவர்களின் சந்தேகங்களுக்கும் முகங்கொடுக்க வேண்டியிருக்கும். பருத்தித்துறையிலிருந்து வந்தாலும் ஊர்காவற்துறையிலிருந்து வந்தாலும், பொலிஸ் அழைப்பைப் பற்றி அவர்கள் கேட்பவை ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், அவற்றை அவர்கள் கேட்ட பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் இலங்கைச் சட்டத்தின் பொது நிலையையும் நடைமுறையில் பலருக்குப் பயன்பட்ட வழிகளையும் சொல்பவை. உங்கள் விடயத்துக்கே உரிய நுணுக்கங்களைச் சட்டத்தரணி ஒருவரிடம்தான் கேட்க வேண்டும். பயந்து வருபவர்கள் பெரும்பாலும் கேள்விகளுக்கே பயப்படுகிறார்கள், ஆனால் நான் பார்த்த சிக்கல்களில் அதிகமானவை வாசிக்காமல் வைத்த கையெழுத்திலிருந்துதான் தொடங்கின.

போன் எடுத்து "ஒருக்கா ஸ்டேசனுக்கு வந்திட்டுப் போங்கோ" எண்டு சொல்லுகினம். கட்டாயம் போகவேணுமோ?

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, ஒரு குற்றத்தை விசாரிக்கும் பொலிஸ் உத்தியோகத்தர், அதைப் பற்றித் தெரிந்தவராகத் தோன்றும் ஒருவரை எழுத்துமூலக் கட்டளையால் தம் முன் வருமாறு பணிக்கலாம். அப்படி முறையாக வந்த கட்டளையை வேண்டுமென்றே புறக்கணிப்பது தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் தனியொரு குற்றமாகலாம். தொலைபேசி அழைப்பு அந்த எழுத்துமூலக் கட்டளை அல்ல. ஆயினும், "கடிதம் வராமல் வரமாட்டேன்" என்று முரண்டு பிடிப்பதைப் பெரும்பாலானோருக்கு நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் நியாயமான சந்தேகம் இருந்தால் பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றங்கள் பல உண்டு, நீங்கள் ஒளிந்து திரிகிறீர்கள் என்ற எண்ணத்தை உருவாக்குவதால் உங்களுக்கு வரும் நன்மை எதுவும் இல்லை.

செய்யவேண்டியது இதுதான். அழைத்தவரின் பெயர், பதவி, எந்தப் பொலிஸ் நிலையம், எந்தப் பிரிவு (குற்றப் பிரிவா, சிறு முறைப்பாட்டுப் பிரிவா, போக்குவரத்தா), முறைப்பாட்டின் இலக்கம், வரவேண்டிய நாளும் நேரமும் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்த நிலையத்தின் பொதுத் தொலைபேசிக்கு நீங்களே அழைத்து, அப்படி ஒருவர் அங்கே இருக்கிறாரா என்று உறுதிப்படுத்துங்கள். பொலிஸ் என்று சொல்லிப் பணம் பறிப்பவர்களும் தொலைபேசியைத்தான் பயன்படுத்துகிறார்கள். குறித்த நாளில் போக முடியாவிட்டால், காரணத்தையும் போகக்கூடிய வேறு நாளையும் குறுஞ்செய்தியாக அனுப்பி, அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள்.

ஏன் கூப்பிடுறியள் எண்டு கேட்டா "வந்தாத் தெரியும்" எண்டுகினம். கேக்கிறது பிழையோ?

பிழையல்ல. குரலை உயர்த்தாமல், "நான் முறைப்பாட்டுக்காரரா, சாட்சியா, எனக்கு எதிராக முறைப்பாடு இருக்கிறதா?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டாலே போதும். பின்வரும் பதில்கள் பலவற்றில் இந்த மூன்றில் நீங்கள் எது என்பதைப் பொறுத்தே உங்கள் கடமையும் பாதுகாப்பும் மாறுகின்றன. தொலைபேசியில் பதில் கிடைக்காவிட்டால், நிலையத்துக்குப் போனதும் முதலில் இதையே கேளுங்கள். சாட்சியாக அழைக்கப்பட்டவர் விசாரணையின் நடுவிலேயே சந்தேகநபராக மாறுவதும் உண்டு. கேள்விகள் "நீர் என்ன கண்டீர்" என்பதிலிருந்து "நீர் ஏன் செய்தீர்" என்பதற்கு நகரும்போது அதைக் கவனியுங்கள்.

சிவில் உடுப்பில ரெண்டு பேர் வீட்டை வந்து விசாரிக்கினம். ஆர் எண்டும் சொல்லேல்லை.

வாக்குமூலம் பதியும் அதிகாரத்தைக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை பொலிஸ் உத்தியோகத்தருக்கே முதன்மையாகக் கொடுத்திருக்கிறது. ஆகவே வந்தவரின் உத்தியோக அடையாள அட்டையைப் பார்க்கக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. காட்ட மறுத்தால், "நிலையத்தில் வந்து சொல்கிறேன்" என்று சொல்லி முற்றத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். வாகன இலக்கம், வந்த நேரம், கேட்ட கேள்விகள் ஆகியவற்றை அன்றைக்கே ஒரு கொப்பியில் குறித்து, அயலவர் ஒருவருக்கும் சொல்லிவையுங்கள். வீட்டு அட்டை, வங்கிப் புத்தகம், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் முகவரி என்று கேட்பதையெல்லாம் எடுத்துக் கொடுப்பது எங்கள் ஊர்ப் பழக்கமாகிவிட்டது. போர்க்காலத்தில் அதற்கு வேறு வழி இருக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்தப் பழக்கத்தை இன்று சட்டக் கடமையாக எண்ணத் தேவையில்லை.

பக்கத்து வளவுக்காரன் வேலிப் பிரச்சினையில என்ர மேல என்ட்ரி போட்டிருக்கிறான். பொலிஸ் இதுக்குத் தீர்ப்புச் சொல்லேலுமோ?

யாழ்ப்பாணத்தில் பொலிஸ் அழைப்புகளில் கணிசமானவை இப்படிப்பட்டவைதான்: எல்லை வேலி, ஒழுங்கை வழி, கிணற்றுப் பங்கு, வெளிநாட்டில் இருப்பவரின் காணியைப் பார்த்துக்கொள்பவருக்கும் உறவினருக்கும் இடையிலான இழுபறி, சீட்டுக்காசு. காணி யாருக்குச் சொந்தம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் பொலிஸுக்கு இல்லை. அது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை. பொலிஸார் செய்யக்கூடியது இரு பகுதியையும் அழைத்து வாக்குமூலம் எடுப்பது, பொருத்தமான விடயங்களை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைக்கு அனுப்புவது, சமாதானக் குலைவு ஏற்படும் என்று கருதினால் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி நீதிமன்றத்துக்கு அறிவிப்பது ஆகியவையே.

இந்த 66ஆம் பிரிவை அறிந்துவைத்திருப்பது நல்லது. அந்த வழக்கில் நீதிமன்றம் காணி உறுதிப் பத்திரத்தைப் பார்த்துச் சொந்தக்காரரைத் தேடுவதில்லை. பொலிஸ் அறிக்கை தாக்கலான நாளில் காணி யாருடைய ஆட்சியில் இருந்தது, அதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்பவற்றைத்தான் பார்க்கிறது. ஆகவே "கொஞ்ச நாளாக அவர்தான் உள்ளே இருக்கிறார்" என்று பொலிஸ் நிலையத்தில் நீங்கள் அசட்டையாகச் சொல்லும் ஒரு வசனம், பத்துப் பரப்புக் காணியின் இடைக்கால ஆட்சியை மற்றவரிடம் கொடுத்துவிடக்கூடும். வேலி எப்போது பிரிக்கப்பட்டது, யார் பிரித்தார், பயிர் யாருடையது, கடைசியாக எப்போது உள்ளே போனீர்கள் என்ற திகதிகளை வீட்டிலேயே ஒழுங்காக எழுதிக்கொண்டு போங்கள்.

"இரண்டு பேரும் ஒத்துப்போகிறோம் என்று எழுதிக் கையெழுத்து வையுங்கோ" என்று சொன்னால், ஒத்துப்போவது எதற்கு என்பதைப் பாருங்கள். சண்டை பிடிக்கமாட்டோம் என்று எழுதுவதில் தவறில்லை. எல்லையை இன்ன இடத்தில் போட இணங்குகிறேன், இத்தனை இலட்சம் கடனை இன்ன திகதிக்குள் தருகிறேன் என்று எழுதினால், அது பிறகு குடியியல் வழக்கில் உங்களுக்கு எதிராகக் காட்டப்படும். அப்படிப்பட்ட இணக்கத்துக்குச் சட்டத்தரணியைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்ல உங்களுக்குப் பூரண உரிமை உண்டு.

ஆரையும் கூட்டிக்கொண்டு போகலாமோ? விதானையார் வந்தாக் காணுமோ?

கூட ஒருவர் வருவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கிராம அலுவலர், ஓய்வுபெற்ற அதிபர், கோயில் தர்மகர்த்தா என்று ஊர் மதிக்கும் ஒருவர் வருவது சிறு முறைப்பாடுகளில் உண்மையாகவே உதவும். ஆனால் அவர்கள் உங்களுக்காகப் பேச வேண்டியதில்லை. வாயிற்பக்கத்தில் இருந்து, நீங்கள் எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள், எத்தனை மணிக்கு வெளியே வந்தீர்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதே அவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. உங்களுக்கு எதிராகக் குற்றமுறைப்பாடு இருக்கிறது என்று தெரிந்தால், அல்லது எதற்கு என்றே சொல்ல மறுத்தால், சட்டத்தரணியோடு போங்கள். கட்டணம் கட்ட முடியாதவர்கள் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். யாழ்ப்பாணத்திலும் அதற்கு அலுவலகம் உண்டு.

லோயரை உள்ளுக்கை விடுவினமோ?

பொலிஸ் நிலையங்களில் சட்டத்தரணிகள் தோன்றுவது பற்றி 2012ஆம் ஆண்டில் வர்த்தமானியில் வெளியிடப்பட்ட விதிகள் உள்ளன. அவற்றின்படி சட்டத்தரணி தம் கட்சிக்காரர் சார்பில் பொறுப்பதிகாரியின் முன் தோன்றி எடுத்துரைக்கலாம், பொலிஸார் அவரை மரியாதையோடு ஏற்க வேண்டும். ஆனால் வாக்குமூலம் எழுதப்படும் மேசையில் உங்கள் பக்கத்தில் அவர் அமர்ந்திருப்பதைக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை தெளிவான உரிமையாக எழுதிவைக்கவில்லை என்பதால், நடைமுறை நிலையத்துக்கு நிலையம் வேறுபடுகிறது. "லோயர் வெளியில நிக்கட்டும்" என்று சொல்லப்பட்டால், அவர் வெளியில் நிற்பதையும் அவருடைய பெயரையும் உங்கள் வாக்குமூலத்தின் தொடக்கத்திலேயே எழுதும்படி கேளுங்கள். அவர் வெளியில் நிற்கிறார் என்பதே பல நேரங்களில் உள்ளே பேசும் தொனியை மாற்றிவிடும்.

கேக்கிற எல்லாத்துக்கும் மறுமொழி சொல்லவேணுமோ? வாய் திறக்காம இருந்தா?

குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவு இதற்கு நேரான பதில் தருகிறது. விசாரிக்கப்படுபவர் அந்த விடயம் தொடர்பான கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். ஆனால் தம்மைக் குற்றச்சாட்டுக்கோ தண்டத்துக்கோ பறிமுதலுக்கோ உள்ளாக்கக்கூடிய கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். எனவே விபத்தைக் கண்ட சாட்சி "நான் பேசமாட்டேன்" என்று இருக்க முடியாது. அந்த விபத்தில் வாகனம் ஓட்டியவரோ, "என்னைக் குற்றத்தில் மாட்டக்கூடிய கேள்வி இது, சட்டத்தரணியின் ஆலோசனை பெற்ற பிறகே பதில் சொல்வேன்" என்று சொல்லலாம். அப்படிச் சொன்னதையும் வாக்குமூலத்தில் பதியும்படி கேளுங்கள்.

பதில் சொல்லாமல் விடுவதும் பொய் சொல்வதும் ஒன்றல்ல. முன்னதற்குச் சட்டம் இடம் தருகிறது, பின்னது உங்களைப் புதிய குற்றத்துக்குள் தள்ளக்கூடும். உண்மையிலேயே ஞாபகம் இல்லாததை "ஞாபகம் இல்லை" என்று சொல்லுங்கள். "ஆறு மணி இருக்கும்" என்று ஊகித்துச் சொன்னால், "மாலை 6.00 மணிக்கு" என்று எழுதப்பட்டு, அது ஓராண்டு கழித்து நீதிமன்றத்தில் உங்களிடமே வாசித்துக் காட்டப்படும். எங்கள் பேச்சில் "இருக்கும்", "போல" என்ற சொற்கள் தாராளமாக வரும், எழுதுபவர் அவற்றை இலகுவாக விட்டுவிடுவார்.

வாக்குமூலத்தைச் சிங்களத்தில எழுதிப்போட்டு, கையெழுத்து வை எண்டுகினம். என்ன செய்யிறது?

அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரையின்படி தமிழும் அரசகரும மொழி. 22ஆம் உறுப்புரை வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழையே நிருவாக மொழியாக வைத்திருக்கிறது. ஆகவே சாவகச்சேரியிலோ சுன்னாகத்திலோ தமிழில் வாக்குமூலம் எழுதக் கேட்பது சலுகை கேட்பதல்ல. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் அன்று இல்லையென்றால், அவர் இருக்கும் நாளில் வருகிறேன் என்று சொல்லலாம். 110ஆம் பிரிவும், எழுதப்பட்டதைச் சொன்னவருக்குக் காட்ட வேண்டும் அல்லது வாசிக்க வேண்டும், அந்த மொழி விளங்காதவருக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும், அவர் விளக்கவும் கூட்டிச் சொல்லவும் இடமளிக்க வேண்டும் என்று கூறுகிறது.

எவ்வளவு கேட்டும் சிங்களத்திலேயே எழுதினால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே தமிழில், "இது சிங்களத்தில் எழுதப்பட்டது. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. தமிழில் வாசித்துச் சொல்லப்பட்டது" என்றோ, "தமிழில் வாசித்துச் சொல்லப்படவில்லை" என்றோ, எது உண்மையோ அதை எழுதி, திகதியும் நேரமும் இட்டுக் கையெழுத்து வையுங்கள். இந்த இரண்டு வரிகளுக்கு உள்ள பெறுமதியை விளங்கிக்கொள்ளச் சிங்கராசா வழக்கைப் பார்த்தால் போதும். 1993இல் மட்டக்களப்பில் கைதான அவர் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் விசாரிக்கப்பட்டார். அவர் சொன்னதாகச் சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தில் அவருடைய பெருவிரல் அடையாளம் பெறப்பட்டது. அதைச் சான்றாக வைத்து 1995இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் 35 ஆண்டாகக் குறைந்தது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு 2004இல் அந்த வழக்கில் நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டது என்று கண்டது. ஆனால் 2006இல் உயர் நீதிமன்றம் அந்தக் கருத்தின் அடிப்படையில் தீர்ப்பை மாற்ற மறுத்துவிட்டது.

தமிழிலதான் எழுதினவை, ஆனா நான் சொல்லாததும் கிடக்கு. கையெழுத்து வைக்காட்டி விடமாட்டினம் போல கிடக்கு.

முழுவதையும் நீங்களே வாசியுங்கள். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றால், கண்ணாடி வரும்வரை காத்திருங்கள். பிழையான சொல்லை வெட்டித் திருத்தி, அந்த இடத்தில் சுருக்கொப்பம் இடக் கேளுங்கள். திருத்த மறுத்தால், கடைசி வரியின் கீழ் "இன்ன பகுதி நான் சொன்னதல்ல" என்று எழுதுங்கள். கையெழுத்தைக் கடைசி வரிக்கு உடனே கீழே இடுங்கள். இடையில் வெற்றிடம் இருந்தால் கோடு கீறுங்கள். வெற்றுத்தாளிலும், பாதி நிரப்பிய படிவத்திலும் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்து வேண்டாம்.

வெளியே வந்ததும் பதிவுப் புத்தகத்தின் பெயர், பக்க இலக்கம், பந்தி இலக்கம் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிற்பாடு பிரதி கேட்கும்போதும் வழக்கு வரும்போதும் அந்த இலக்கம் இல்லாமல் எதையும் தேடிப்பிடிப்பது கடினம்.

பொலிஸுக்குச் சொன்னதை வச்சே என்னைக் குற்றவாளி ஆக்கேலுமோ?

1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு, எதிராக நிரூபிக்க முடியாது. அதனால் "ஒத்துக்கொண்டுவிட்டாய், இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று யாராவது சொன்னால் அது சட்டப்படி சரியல்ல. ஆனால் இதைக் கேட்டுவிட்டு எதையும் சொல்லலாம் என்று நினைப்பதும் ஆபத்தானது. உங்கள் தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி 27ஆம் பிரிவின்படி சான்றாகும். அத்துடன், நீதிமன்றத்தில் நீங்கள் வேறுவிதமாகச் சாட்சி சொன்னால், முன்னர் சொன்னதைக் காட்டி உங்கள் நம்பகத்தன்மையை உடைக்கவும் அந்த வாக்குமூலம் பயன்படும்.

பயங்கரவாதத் தடைச்சட்டம் இதற்குப் பெரிய விதிவிலக்கு. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கமான அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் பதவிக்குக் குறையாத ஒருவரிடம் செய்த ஒப்புதலைச் சான்றாக ஏற்க இடமளித்து, அது சுயவிருப்பின்றிப் பெறப்பட்டது என்று காட்டும் சுமையைச் சொன்னவர் மீதே வைத்தது. மேலே சொன்ன சிங்கராசா வழக்கின் வேர் அந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

"கைது இல்லை, சும்மா இருங்கோ" எண்டு சொல்லிக் காலமையிலயிருந்து வாங்கில இருத்தி வச்சிருக்கினம். இது சரியோ?

கைது என்ற சொல்லை உச்சரித்தால்தான் கைது என்று சட்டம் கருதுவதில்லை. நமசிவாயம் எதிர் குணவர்தன என்ற, 1989ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளியான வழக்கில், பேருந்தில் போய்க்கொண்டிருந்தவரை இறக்கி நிலையத்துக்கு வரச்சொன்னதே கைதாகும் என்று உயர் நீதிமன்றம் கண்டது, ஏனெனில் தாம் விரும்பிய இடத்துக்குப் போகும் சுதந்திரம் அந்தக் கணத்திலேயே அவரிடமிருந்து போய்விட்டது. ஆகவே பணிவாக, "நான் இப்போது போகலாமா? போக முடியாதென்றால் எதற்காகக் கைது செய்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். "போகலாம்" என்றால் எழுந்து வாருங்கள். "போக முடியாது" என்றால் அந்த நேரத்தைக் குறியுங்கள், ஏனெனில் அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையின்படி கைதுக்கான காரணம் உங்களுக்குச் சொல்லப்பட வேண்டும், சாதாரணக் குற்றங்களில் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்கு மேல் நீதவான் முன் நிறுத்தாமல் வைத்திருக்க முடியாது. சட்டப்படி அந்த மணிக்கூடு நீங்கள் போகத் தடுக்கப்பட்ட நேரத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது; அவர்கள் புத்தகத்தில் எழுதிய நேரம் வேறாக இருந்தால், வாயிற்பக்கத்தில் இருந்தவரின் குறிப்பு அப்போது உதவும்.

முன்கூட்டியே கைது வரும் என்று நம்பக் காரணம் இருந்தால், 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் முன்பிணை கேட்க வழியுண்டு. எல்லாக் குற்றங்களுக்கும் அது கிடைக்காது. இதைச் சட்டத்தரணிதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தங்கச்சியைப் பின்னேரம் தனிய வரச்சொல்லினம். அனுப்பலாமோ?

தனியாக அனுப்ப வேண்டாம். பகல் நேரம் கேளுங்கள், பெண் உத்தியோகத்தர் முன்னிலையில் விசாரிக்கக் கேளுங்கள், பெரும்பாலான நிலையங்களில் இயங்கும் சிறுவர், பெண்கள் பணியகத்தில் வைத்து எழுத முடியுமா என்றும் கேளுங்கள். பெண் ஒருவரை உடற்சோதனை செய்வதாயின் இன்னொரு பெண்ணே, கண்ணியத்துக்குக் குறைவு வராதபடி செய்ய வேண்டும் என்று சட்டக்கோவை கூறுகிறது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையாயின் தாய், தகப்பன் அல்லது பாதுகாவலர் கட்டாயம் கூடப் போங்கள். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் குற்றத்துக்குப் பொறுப்பாக்க முடியாது என்பதையும் தெரிந்துவைத்திருங்கள்.

போனைத் தா, லொக்கை எடுத்துவிடு எண்டு கேட்டா?

தொலைபேசியைத் திறந்து கொடுப்பது, உங்களைக் குற்றத்துக்கு உள்ளாக்கக்கூடிய பதிலைச் சொல்வதற்கு ஒப்பானது என்று வாதிடலாம். வாய்மொழிக் கேள்விகளுக்கு மேலே சொன்ன விதிவிலக்கை இங்கும் சொல்லிப் பாருங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழான தேடுதலுக்குப் பொதுவாக நீதவானின் ஆணை வேண்டும், அவசர நிலைமைகளுக்கு விதிவிலக்குகள் இருந்தாலும். எனவே ஆணை இருக்கிறதா என்று கேட்கலாம். பறித்தால் மல்லுக்கட்ட வேண்டாம். வகை, நிறம், ஐஎம்இஐ இலக்கம் (ஒவ்வொரு தொலைபேசிக்கும் உரிய தனி இலக்கம்), ஒப்படைத்த நேரம் ஆகியவை எழுதிய பற்றுச்சீட்டை வாங்குங்கள். அழைப்பு வந்த பிறகு படங்களையும் உரையாடல்களையும் அழிக்கத் தொடங்குவது எல்லாவற்றிலும் மோசமான யோசனை. சான்றை அழித்தார் என்ற புதிய குற்றச்சாட்டுக்கு அது வழி திறந்துவிடும்.

ரிஐடியிலயிருந்து கடிதம் வந்திருக்கு, கொழும்புக்கு வரட்டாம். மாவீரர் நாளுக்குப் பேஸ்புக்கில போட்டதுக்குப் போல.

ரிஐடி என்பது பொலிஸின் பயங்கரவாத விசாரணைப் பிரிவு. "நாலாம் மாடி" (கொழும்பில் குற்றப் புலனாய்வுப் பிரிவினர் விசாரிக்கும் இடம்) என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த குடும்பங்களில் இந்தக் கடிதம் எப்படிப்பட்ட கலக்கத்தை உண்டாக்கும் என்று விளக்கத் தேவையில்லை. நவம்பர் 27ஐயும் மே 18ஐயும் ஒட்டிய வாரங்களில் இந்தக் கேள்வியோடு வருபவர்கள் கூடுகிறார்கள். இந்த அழைப்புக்கு மட்டும் சட்டத்தரணி இல்லாமல் போகாதீர்கள், அவரைக் கேட்காமல் பதிலும் எழுதாதீர்கள். கடிதத்தின் உறையையும் அஞ்சல் முத்திரையையும் பத்திரப்படுத்துங்கள். பல கடிதங்கள் குறித்த திகதிக்கு முதல்நாள் கைக்குக் கிடைப்பதால், அந்த முத்திரையே வேறு நாள் கேட்பதற்கான சான்று. சிங்களத்தில் மட்டும் வந்திருந்தால் தமிழ்ப் பிரதி கேட்டும், சுமார் 400 கிலோமீற்றர் பயணம், உடல்நிலை, வேலை ஆகியவற்றைக் காட்டி யாழ்ப்பாணத்திலேயே வாக்குமூலம் பதியக் கேட்டும் பதிவுத் தபாலில் எழுதலாம். எல்லா வேளையும் இணங்கமாட்டார்கள், ஆனால் கேட்ட கடிதம் கோவையில் இருக்கும்.

கைதானால் சட்டம் மாறுகிறது. பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் 24 மணித்தியாலக் கணக்குப் பொருந்தாது. அதில் 72 மணித்தியாலம் வரையும், அமைச்சரின் தடுப்புக் கட்டளையோடு மாதக்கணக்கிலும் வைத்திருக்க இடமுண்டு. முன்னர் 18 மாதமாக இருந்த தடுப்புக் கட்டளையின் உச்ச வரம்பை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 12 மாதமாகக் குறைத்து, சட்டத்தரணியைச் சந்திக்கவும் உறவினரோடு தொடர்புகொள்ளவும் இடம் வைத்தது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி அப்படிப்பட்ட ஒவ்வொரு கைதும் 48 மணித்தியாலத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கப்பட வேண்டும். குடும்பத்தவர் அவர்கள் அறிவிப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிராமல், அன்றைக்கே 1996 என்ற இலக்கத்துக்கோ ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கோ தாமாகவே சொல்ல வேண்டும். இந்தச் சட்டம் மாற்றப்படும் என்ற பேச்சு நீண்டகாலமாக இருப்பதால், நீங்கள் வாசிக்கும் நாளில் எது நடைமுறையில் இருக்கிறது என்பதையும் சட்டத்தரணியிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கனடாவிலயிருந்து லீவில வந்தனான். பாஸ்போட்டைக் குடுத்திட்டுப் போகட்டாம்.

காட்டுங்கள், நிழற்படப் பிரதி கொடுங்கள். கடவுச்சீட்டை ஒப்படைக்கும் கட்டளை வழமையாக நீதிமன்றத்திலிருந்து, பிணை நிபந்தனையாக வருவது. நிலையத்தில் வாங்கியே தீருவோம் என்றால் பற்றுச்சீட்டு இல்லாமல் கொடுக்க வேண்டாம். வெளிநாட்டுக் குடியுரிமையாளர் கைதானால், 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி தம் நாட்டுத் தூதரகத்துக்கு அறிவிக்கும்படி கேட்கலாம்.

அடிச்சவங்கள் எண்டு சொன்னா ஆர் நம்புவினம்?

2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸாரால் தடுத்துவைக்கப்பட்ட இளைஞர் ஒருவர் உயிரிழந்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் கனமாகியிருக்கிறது. சித்திரவதை அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையால் எந்த விதிவிலக்குமின்றித் தடைசெய்யப்பட்டது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அதற்கு ஏழு முதல் பத்து ஆண்டு வரை சிறைத்தண்டனை வைத்திருக்கிறது. நம்பவைப்பது மருத்துவப் பதிவு. வெளியே வந்தவுடன் வீட்டுக்குப் போகாமல் யாழ். போதனா வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ போய், "விழுந்தேன்" என்று சொல்லாமல், யார், எங்கே, எதனால் அடித்தார் என்று மருத்துவரிடம் சொல்லி, சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைக் கேளுங்கள். விடுதலையாகாமல் நீதவான் முன் கொண்டுசெல்லப்பட்டால், நீதவானிடமே சொல்லுங்கள். பலர் திரும்பவும் அதே நிலையத்துக்குப் போக வேண்டுமே என்ற பயத்தில் மன்றில் தலைகுனிந்து நிற்கிறார்கள், ஆனால் நீதவான் வைத்தியப் பரிசோதனைக்குக் கட்டளையிட அதுவே சிறந்த சந்தர்ப்பம்.

உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுத் தாக்கல் செய்ய 126ஆம் உறுப்புரை ஒரு மாதமே தருகிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், ஆணைக்குழு விசாரிக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. இந்த ஒரு மாதத்தைத் தவறவிட்டு வருபவர்கள்தான் அதிகம்.

ஒரே விசயத்துக்கு மாறி மாறிக் கூப்பிடுகினம். எப்ப முடியும்?

ஒரு விசாரணைக்கு ஒருமுறைதான் அழைக்கலாம் என்று சட்டம் சொல்லவில்லை, ஆனால் புதிதாக எதையும் கேட்காமல் அழைப்பது விசாரணையாக இராது. இரண்டாம் முறையிலிருந்து, "முன்பு இன்ன திகதியில், இன்ன பக்கத்தில் வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன், மேலதிகமாகத் தேவைப்படுவது என்ன?" என்று எழுத்தில் கேளுங்கள். தொடர்ந்தால் பொறுப்பதிகாரிக்குக் கடிதம் எழுதி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர், தேசிய பொலிஸ் ஆணைக்குழு, மனித உரிமைகள் ஆணைக்குழு ஆகியோருக்குப் பிரதி அனுப்புங்கள். நீங்கள் சாட்சியாக இருந்து, எதிர்த்தரப்பு மிரட்டுகிறது என்றால், 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கப் பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதைத் தனி முறைப்பாடாகக் கொடுக்கலாம்.

விடயம் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறதா என்று அறிய, உங்கள் பொலிஸ் பிரிவுக்குரிய நீதவான் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில், அது யாழ்ப்பாணமா, மல்லாகமா, பருத்தித்துறையா, சாவகச்சேரியா, ஊர்காவற்துறையா என்று பார்த்து, பி அறிக்கை (பொலிஸார் விசாரணை விபரத்தை நீதவானுக்கு அறிவிக்கும் அறிக்கை) தாக்கலாகியிருக்கிறதா என்று விசாரியுங்கள். தாக்கலாகியிருந்தால் சட்டத்தரணி மூலம் அதன் உறுதிப்படுத்திய பிரதியைப் பெற்று, அதில் உங்கள் பெயர் சாட்சியாக எழுதப்பட்டிருக்கிறதா, சந்தேகநபராக எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.